கச்சா எண்ணெய் ஒன்று, எரிபொருள் பல: ஒன்றின் வேலையை இன்னொன்று ஏன் செய்வதில்லை?

இந்தியா பெட்ரோலையும் டீசலையும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. அதே இந்தியா தன் சமையல் எரிவாயுவில் சுமார் 60 விழுக்காட்டை இறக்குமதி செய்கிறது. இரண்டு செய்தியும் உண்மை. ஆனால் அடுத்தடுத்துப் படிக்கும்போது யாருக்கும் குழப்பம்தான் வரும். கச்சா எண்ணெய் விலை இறங்கியும் சிலிண்டர் விலை ஏன் இறங்கவில்லை, இ20 பெட்ரோல் (20 விழுக்காடு எத்தனால் கலந்தது) போட்டால் மைலேஜ் குறையும் என்பது நிஜமா, ஹைட்ரஜன்தான் எதிர்காலம் என்கிறார்களே, அப்புறம் ஏன் ரோட்டில் ஒன்றையும் காணோம் என்று இதே போல இன்னும் பல கேள்விகள் உண்டு. வரியும் அரசியலும் இவற்றில் பெரிய பங்கு வகிக்கின்றன, அது தனிக் கதை. ஆனால் அவற்றுக்கும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. எரிபொருள் என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம், அந்தக் குணத்துக்கு ஏற்ற வேலை, அந்த வேலைக்கென்றே செய்த இயந்திரம் என்று எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. அதனால் ஒன்றைத் தூக்கிவிட்டு இன்னொன்றை வைப்பது அறிவிப்பில் தெரிகிற அளவுக்கு எளிதாக நடப்பதில்லை.

முதலில் நான்கு கேள்விகள்

எந்த எரிபொருளாக இருந்தாலும் இந்த நான்கையும் கேட்டால் அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

1. எவ்வளவு வெப்பம் தரும்? இதை மெகாஜூல் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிலோ எல்பிஜி ஏறத்தாழ 46 மெகாஜூல், பெட்ரோலும் டீசலும் 43, 44 அளவில், எத்தனால் 27, காய்ந்த விறகு 15 பக்கம். ஆனால் கிலோவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதும் முக்கியம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல், டீசலில் 36, எத்தனாலில் 21.

2. எந்தச் சூட்டில் ஆவியாகும்? திரவமோ கட்டையோ அப்படியே எரிவதில்லை, அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும், ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி செல்சியஸில்கூட. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் வேண்டும். பெரிய பாய்லர்களில் எரிக்கும் உலை எண்ணெய்க்கு 60 டிகிரியையும் தாண்ட வேண்டும்.

3. எப்படிப் பற்றும்? பொறி வைத்துப் பற்றவைப்பது ஒன்று. பொறியே இல்லாமல் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்வது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு குணங்கள்.

4. எரிந்தபின் என்ன மிஞ்சும்? சாம்பல், கந்தகப் புகை, கரித்துகள், நச்சு வாயு எல்லாம் இதில் அடங்கும். தொழிற்சாலை அமைப்பவர்களுக்கு முதல் கேள்வியைவிட இதுதான் அதிகத் தலைவலி.

கச்சா எண்ணெய் எப்படிப் பிரிகிறது

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அந்தக் கறுப்புத் திரவத்தில் பல நூறு வகை ஹைட்ரோகார்பன்கள், அதாவது கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலிகள், கலந்திருக்கின்றன. மணலி சுத்திகரிப்பு ஆலையானாலும் ஜாம்நகரானாலும் முதல் வேலை ஒன்றுதான்: எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் காய்ச்சி உயரமான கோபுரத்துக்குள் அனுப்புவது. சிறிய சங்கிலிகள் லேசானவை, வாயுவாக உச்சிக்குப் போகும், அதுதான் எல்பிஜி. அதற்குக் கீழே பெட்ரோலும் நாப்தாவும், பிறகு மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும், அடுத்து டீசல். அடியில் தங்குவது உலை எண்ணெய், ரோடு போடும் தார், அந்த அடிமிச்சத்தை மேலும் காய்ச்சி உடைத்தால் மிஞ்சும் பெட்கோக் என்னும் கரி.

முதல் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. ஈரலுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதற்காக ஒரே ஆட்டிலிருந்து மூன்று ஈரல் எடுக்க முடியாது. கச்சா எண்ணெயும் அப்படித்தான். பெரிய சங்கிலிகளை உடைத்துச் சிறியதாக்கும் இயந்திரங்கள் ஆலைகளில் உண்டு, அவற்றை வைத்து விகிதத்தைக் கொஞ்சம் முன்பின் மாற்றலாம். ஆனாலும் இந்திய ஆலைகளில் கிடைப்பதில் பெரும்பங்கு டீசல், எல்பிஜி சிறு பங்குதான். நாட்டுக்குத் தேவையான சமையல் எரிவாயு முழுவதையும் உள்ளூரிலேயே பிரித்தெடுக்க வேண்டுமென்றால் எக்கச்சக்கமாகக் கச்சா எண்ணெய் காய்ச்ச வேண்டும், அதோடு சேர்ந்து வரும் பெட்ரோல், டீசல் மலையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அதனால்தான் ஒரு பக்கம் ஏற்றுமதி, இன்னொரு பக்கம் இறக்குமதி.

சமையல் எரிவாயு: நெருக்கடியில் முதலில் இடிபடுவது

எல்பிஜி என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரியிலும் கொதிக்கும். நம் ஊர் வெயிலில் இரண்டுமே வாயுதான், ஆனால் கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும். இந்த ஒரு குணம்தான் அதை அடுப்படிக்குக் கொண்டுவந்தது. திரவமாக இருக்கும்போது பிடிக்கும் இடத்தைப்போல சுமார் 250 மடங்கு இடத்தை வாயுவானதும் பிடிக்கும், ஆகவே 14.2 கிலோவை ஓர் இரும்புக் குடுவைக்குள் அடைத்து மாடிக்குத் தூக்கிப்போக முடிகிறது. சிலிண்டரை ஆட்டினால் தளும்புவது அந்தத் திரவம். நாம் எரிப்பது அதற்கு மேலே நிற்கும் ஆவி. தீரப்போகும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கவைத்துக் கடைசிச் சொட்டு வரை எரிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது ஆபத்து, ஏனென்றால் படுக்கவைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் போகலாம், போனால் அடுப்பில் வரும் தீ நம் கட்டுப்பாட்டில் இருக்காது.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படர்ந்து, கட்டிலுக்கடியிலும் சாக்கடைக் குழியிலும் தேங்கும். எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலப்பதே இதை நாம் கண்டுபிடிக்கத்தான், அந்த வாயுவுக்கென்று சொந்தமாகப் பெரிய வாசனை கிடையாது. வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

கலவை விகிதம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2021 இறுதியில் அங்கே வீட்டுக்கு வீடு எரிவாயு வெடிப்புகள் நடந்தன, அடுப்புகள் சிதறின, மக்கள் அடுப்பைப் பற்றவைக்கவே பயந்தார்கள். ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டரில் இருந்த வாயுக்களின் விகிதம் மாறியதே முக்கியக் காரணம் என்றது. புரோப்பேன் பங்கு கூடியிருந்தது. 30 டிகிரி வெப்பத்தில் தூய புரோப்பேனின் அழுத்தம் தூய பியூட்டேனின் அழுத்தத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். பியூட்டேன் அதிகமுள்ள கலவைக்குப் பழகிய பழைய குழாய்களும் வால்வுகளும் அந்தக் கூடுதல் அழுத்தத்தை எப்படித் தாங்கும்? குளிர்நாட்டில் புரோப்பேன் அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் ஆவியே வராது. வெப்பநாட்டில் பியூட்டேன் அதிகம் இருப்பதுதான் பொருத்தம். ஒரே பெயரில் விற்கும் பொருளுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

இப்போது விலைக்கும் தட்டுப்பாட்டுக்கும் வருவோம்.

1. இந்தியாவுக்கு வரும் எல்பிஜியில் பெரும்பகுதி கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, குவைத் பக்கமிருந்து வருவது. அதாவது பாரசீக வளைகுடாவின் குறுகிய வாசலான ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி வரவேண்டும். அங்கே பதற்றம் என்றால் முதலில் கவலைப்பட வேண்டியது அடுப்பைப் பற்றித்தான்.

2. இதற்கான விலை, சவூதி மாதந்தோறும் அறிவிக்கும் எல்பிஜி விலையை ஒட்டி நகர்கிறது. கச்சா எண்ணெய் விலையோடு அதற்கு உறவு உண்டு, ஆனால் இரண்டும் கைகோத்து நடப்பதில்லை.

3. நாட்டுக்கு அவசரகாலச் சேமிப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். விசாகப்பட்டினம், மங்களூரு, பாடூர் ஆகிய மூன்று இடங்களில் பாறைக்குள் குடைந்த கிடங்குகளில் மொத்தம் 53.3 லட்சம் டன் வைக்க முடியும். ஆனால் அது கச்சா எண்ணெய். அதைக் காய்ச்சினாலும் கிடைப்பது பெரும்பாலும் டீசலும் பெட்ரோலும்தான். சிலிண்டர் வரிசை பெரிதாக நீள அது விடாது என்று நம்பிக்கொண்டிருப்பது தவறு, எல்பிஜிக்கென்று தனிச் சேமிப்பைப் பெருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அழுத்தத்தில் வைக்க வேண்டிய பொருள் என்பதால் அதற்குச் செலவும் அதிகம், ஆனால் கோடிக்கணக்கான வீடுகள் அதை நம்பி இருக்கின்றன.

குழாயில் வரும் இயற்கை எரிவாயு வேறு பொருள். அது மீத்தேன், காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே ஏறிக் கலைந்துவிடும். ஆனால் சும்மா அழுத்தினால் திரவமாகாது, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் ஆகும். கப்பலில் அப்படித்தான் எண்ணூர் முனையத்துக்கு வருகிறது, 2019 முதல். ஆட்டோவிலும் பேருந்திலும் சிஎன்ஜி என்று ஓடுவதும் இதே மீத்தேன்தான், அங்கே குளிர்விப்பதற்குப் பதிலாகச் சுமார் 200 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 200 மடங்கு) அடைக்கிறார்கள், அதனால்தான் அந்தச் சிலிண்டர் அவ்வளவு கனம். வீட்டில் குழாய் எரிவாயுவுக்கு மாறும்போது அடுப்பின் ஜெட்டை மாற்றுகிறார்களே, காரணம் இதுதான்: ஒரே அளவு இடத்தில் மீத்தேன் தரும் வெப்பம் எல்பிஜி தருவதில் பாதிக்கும் குறைவு, ஆகவே துளை பெரிதாக இருக்க வேண்டும்.

பெட்ரோலும் டீசலும்: பொறியும் அழுத்தமும்

பெட்ரோல் லேசில் ஆவியாகும், பொறி பட்டதும் பற்றும். ஆனால் வெறும் சூட்டில் தானாகப் பற்றுவதற்கு அதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். டீசல் நேர்மாறு. அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது, தரையில் கொட்டி ஒரு தீக்குச்சியைப் போட்டால் பெட்ரோல்போலக் குப்பென்று எழாது, ஆனால் தானாகப் பற்ற ஏறத்தாழ 210 டிகிரி போதும். இந்த இரண்டு குணங்களிலிருந்துதான் இரண்டு எஞ்சின்களும் பிறந்தன.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளையும் காற்றையும் கலந்து, சுமார் பத்தில் ஒரு பங்காக அழுத்தி, ஸ்பார்க் பிளக்கால் பற்றவைக்கிறார்கள். டீசல் எஞ்சினில் பிளக்கே கிடையாது. காற்றை மட்டும் பதினாறில், இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறார்கள், அந்த அழுத்தத்திலேயே காற்று கொதித்துப்போகும், அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றுகிறது. அதிகம் அழுத்துவதால் ஒவ்வொரு சொட்டிலிருந்தும் அதிக வேலை கிடைக்கிறது, இழுவைத் திறனும் கூடுகிறது. லாரி, டிராக்டர், ஜெனரேட்டர், விசைப்படகு, மின்கம்பி இல்லாத தடத்தில் ஓடும் ரயில் எஞ்சின் எல்லாம் டீசலில் ஓடுவது இதனால்தான். டீசல் விலை ஏறினால் காய்கறி விலை ஏறுவதும் இதனால்தான், காய்கறி வருவது லாரியில்.

பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் என்று ஒன்று சொல்வார்கள். அழுத்தத்தில் அவசரப்பட்டுத் தானாகப் பற்றாமல் பொறிக்காகக் காத்திருக்கும் பொறுமையின் அளவு அது. இந்தியாவில் சாதாரணப் பெட்ரோலுக்கு அது 91 ஆக இருந்தது, இ20 கலப்போடு 95 ஆகிவிட்டது, விலை கூடின வகைகளில் அதற்கு மேலும் உண்டு. ஆக்டேன் கூடினால் சக்தி கூடும் என்று பலர் நம்பி, 100 சிசி பைக்கில் விலை உயர்ந்த பெட்ரோலை ஊற்றுகிறார்கள். அதிகம் அழுத்தும் எஞ்சினுக்குத்தான் அந்தப் பொறுமை தேவை, வண்டிப் புத்தகத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண்.

பங்க்கில் மாற்றி ஊற்றிவிட்டால்? டீசல் வண்டியில் பெட்ரோல் போவதுதான் மோசம். டீசல் பம்ப்புக்கு டீசலே மசகு எண்ணெய், பெட்ரோல் அந்த வழுவழுப்பைக் கழுவிவிடும், உலோகம் உலோகத்தோடு உரசித் தூள் கிளம்பி இன்ஜெக்டர் வரை போகும். செய்யவேண்டியது ஒன்றே: சாவியைத் திருப்பவே கூடாது, தள்ளி ஓரமாக நிறுத்தி டேங்கைக் காலி செய்ய வேண்டும். பெட்ரோல் வண்டியில் டீசல் போனால் புகை கக்கித் திணறி நின்றுவிடும், சுத்தம் செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வந்த பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் இரண்டு எரிபொருளிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே, முன்பு 50. வண்டியின் புகைக்குழாயில் உள்ள வடிகட்டியும் வினையூக்கியும் கந்தகத்தால் கெட்டுப்போகும் என்பதால் எரிபொருளை முதலில் சுத்தம் செய்யாமல் புகையைச் சுத்தம் செய்ய முடியாது.

இ20: மைலேஜ் குறையுமா?

குறையும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு லிட்டரில் 80 விழுக்காடு பெட்ரோல் 25.6 மெகாஜூல், 20 விழுக்காடு எத்தனால் 4.2, ஆக 29.8. தூய பெட்ரோலின் 32-உடன் ஒப்பிட்டால் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய வடிவமைப்புள்ள நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடும் இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும் குறையலாம் என்றது, இ20-க்கென்று எஞ்சினைச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 விழுக்காடு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: 2022-இலேயே பத்து விழுக்காடு கலப்பு வந்துவிட்டது. அதிலிருந்து இ20-க்கு மாறும்போது வெப்பக் கணக்கில் வரும் வித்தியாசம் மூன்றரை விழுக்காடு பக்கம்தான். வண்டி பாதிக்குப் பாதி மைலேஜ் இழந்தது என்றால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

எத்தனாலுக்கு நல்ல குணமும் உண்டு. அதன் ஆக்டேன் எண் நூறைத் தாண்டும், அதற்கேற்ப அதிகம் அழுத்தும் எஞ்சின் செய்தால் இழந்ததில் கொஞ்சத்தை மீட்கலாம். கெட்ட குணம், அது தண்ணீரை ஈர்க்கும், சில வகை ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். 2023 ஏப்ரல் முதல் இ20-ஐத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கின. அதற்கு முந்தைய வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பவர்கள் டேங்கையும் குழாய்களையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

இதில் எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. கலப்பை முழுமையாக்கும் முன்பே, பழைய வண்டிக்காரர் குறைந்த கலப்பையும் தேர்ந்தெடுக்க வழி விட்டிருக்க வேண்டும். வெப்பம் 7 விழுக்காடு குறைந்த பொருளை அதே விலைக்கு வாங்குபவர், தெரியாமலே கிலோமீட்டருக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். அரசு தரப்பு நியாயமும் இருக்கிறது: கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, உள்ளூர்க் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் போகும் பணம் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும். ஆனால் எரிபொருளுக்குப் போகும் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்கும் வேண்டும். நாமக்கல் பண்ணைக்காரர்களைக் கேட்டால் இதன் மறுபக்கம் புரியும்.

மண்ணெண்ணெய்: விளக்கிலிருந்து ராக்கெட் வரை

ரேஷனில் நீல நிறத்தில் வந்த மண்ணெண்ணெய், மின்சாரமும் சிலிண்டரும் பரவியபின் கிட்டத்தட்ட மறந்தே போன பொருள். திரியில் ஏறி மெதுவாக ஆவியாகும், அறைச் சூட்டில் சட்டென்று பற்றாது, அதனால்தான் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடிந்தது. அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், ஸ்டவ் வெடித்துத் தீக்காயம் என்று முன்பெல்லாம் அடிக்கடி வந்த செய்திகளில் சிலவற்றுக்கு இந்தக் கலப்படம்தான் காரணம்.

அது மறையவில்லை, இடம் மாறிவிட்டது. கடற்கரையில் பைபர் படகுகளின் வெளிப்பொருத்து எஞ்சின்கள் பலவும் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. கன்னியாகுமரி மீனவர்கள் மானிய மண்ணெண்ணெய்க்காகக் குரல் கொடுப்பது இதனால். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாயானபோது, வடக்கில் சிறு படகு வைத்திருந்தவர்களுக்குக் கடலுக்குப் போவதே கட்டுப்படியாகாமல் போனது. நகரத்தில் இருப்பவருக்கு அது பழைய காலத்து எண்ணெய், கரையில் இருப்பவருக்கு அன்றாடப் பிழைப்பு.

விமான எரிபொருளும் இதே குடும்பம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் வெளியே கடுமையாகக் குளிரும், அங்கே எரிபொருள் கட்டியாகக் கூடாது, ஆகவே உறைநிலை மைனஸ் 47 டிகிரி அளவில் இருக்கும்படி சுத்திகரிக்கிறார்கள். இன்னும் தூய்மையாக்கிய வகையைத் திரவ ஆக்சிஜனோடு எரிக்கும் ராக்கெட் எஞ்சினைத்தான் இஸ்ரோ நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதித்து வருகிறது.

அடியில் தங்குபவை: உலை எண்ணெயும் பெட்கோக்கும்

விலை குறைவு, அழுக்கு அதிகம். உலை எண்ணெயைச் சூடாக்காமல் குழாயில் ஓட்டவே முடியாது. கப்பல்களும் பெரிய பாய்லர்களும் இதில்தான் ஓடின. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட வேண்டும் என்று உலக விதி வந்தது. இது கடலில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது பார்த்தோம். பெட்ரோல் கொட்டியிருந்தால் பெரும்பகுதி ஆவியாகிப் போயிருக்கும். கனமான எண்ணெய் ஆவியாகாது, அலையோடு கலந்து பிசினாகிப் பாறையில் ஒட்டியது, இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பெட்கோக் இன்னும் ஒரு படி கீழே. நிலக்கரியைவிட அதிக வெப்பம், கூடவே அதிகக் கந்தகம். டெல்லி மாசைக் காரணம் காட்டி 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தானில் உலை எண்ணெயையும் பெட்கோக்கையும் தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் சிமெண்ட் ஆலைகளுக்குப் பெட்கோக்கில் விலக்கு கிடைத்தது. சிமெண்ட் ஆட்களுக்கு மட்டும் சலுகையா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. காரணம் வேதியியல்: சிமெண்ட் உலையில் 1450 டிகிரியில் சுண்ணாம்புக்கல் வேகிறது, அந்தச் சுண்ணாம்பே கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே எரிபொருள் சாதாரண பாய்லரில் நஞ்சாகவும் சிமெண்ட் உலையில் ஏற்கத்தக்கதாகவும் இருக்கிறது.

நிலக்கரி என்றால் எந்த நிலக்கரி?

இந்தியாவில் நிலக்கரி மலைபோல் இருக்கிறது, பிறகு ஏன் இறக்குமதி என்ற கேள்விக்கும் பதில் வகையில்தான் இருக்கிறது.

1. பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டது, 1956-இல் நிறுவனம், 1962-இல் மின்சாரம். இதில் பாதியளவு ஈரம். தூரத்துக்கு ஏற்றிப்போனால் தண்ணீரைச் சுமந்த கதைதான், குவித்துவைத்தால் தானாகப் பற்றவும் செய்யும். அதனால் சுரங்க வாசலிலேயே மின்நிலையம்.

2. மின் நிலக்கரி. வடசென்னை, தூத்துக்குடி நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப், அங்கிருந்து கப்பல். இந்திய நிலக்கரியில் சாம்பல் 35 விழுக்காட்டுக்கும் மேல் போகும், அதாவது மூன்று கப்பல் ஏற்றினால் ஒரு கப்பல் சாம்பல். எண்ணூர்ச் சுற்றுவட்டாரத்தின் சாம்பல் குட்டைகள் அப்படி வந்தவை.

3. கோக் நிலக்கரி. இரும்பு உருக்கும் ஊதுலையில் இது வெறும் எரிபொருள் அல்ல. தாதுவிலிருக்கும் ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதும், மேலே இருக்கும் பல டன் தாதுவை நொறுங்காமல் தாங்கி நிற்பதும் இதன் வேலை. அந்தத் தரம் இந்தியாவில் குறைவு, ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது.

விறகும் இன்னும் தொழில் எரிபொருள்தான். திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர்களிலும் நீலகிரித் தேயிலை ஆலைகளிலும் அது எரிகிறது, சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரமே எடுக்கின்றன. விறகோ அடுப்புக்கரியோ மூடிய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்குவது உயிரையே எடுக்கும்.

ஹைட்ரஜன் எங்கே பொருந்தும்?

கிலோவுக்கு 120 மெகாஜூல், எரிந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். முதல் கேள்விக்கும் நான்காவதுக்கும் இதைவிட நல்ல பதில் கிடையாது. சிக்கல் இடத்தில்: இருப்பதிலேயே லேசான வாயு என்பதால் 350 அல்லது 700 பார் அழுத்தத்தில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். ராக்கெட்டுக்கு அந்தச் செலவு தகும், இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டின் மேலடுக்கு அதில்தான் ஓடுகிறது. ஓரிடத்திலேயே நிரப்பி அதே தடத்தில் ஓடும் ரயிலுக்கும் பொருந்தலாம், சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலை அப்படி ஒரு பெட்டியைச் செய்து 2025-இல் சோதித்தது. ஊர் ஊராகப் போகும் ஸ்கூட்டருக்கு மின்கலமே எளிது.

ஆனால் ஹைட்ரஜனை ஏற்கெனவே டன் கணக்கில் தின்னும் இடம் ஒன்று உண்டு, உர ஆலை. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். மணலி, தூத்துக்குடி ஆலைகள் முன்பு அதை நாப்தாவிலிருந்தும் இப்போது இயற்கை எரிவாயுவிலிருந்தும் எடுக்கின்றன. உலகச் சந்தையில் எரிவாயு ஏறினால் யூரியா மானியம் ஏறுவது இந்த வழியாகத்தான். சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தெடுக்கும் பசுமை ஹைட்ரஜன் விலை குறைந்தால், புதிய வண்டியோ புதிய பங்க்கோ தேவையில்லாமல் முதலில் நுழையக்கூடிய கதவு அதுதான். நகரச் சாலையில் ஒரு ஹைட்ரஜன் பேருந்துக்குக் கொடியசைப்பதற்கு முன்னால், பொதுப்பணம் போகவேண்டியது அங்கே.